வீட்டுக்கல்விப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது படிப்பா, ஜாலான் ஜாலானா?

கிள்ளான் வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 11
வீட்டுக்கல்வி என்கிறவர்கள் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போய் நாலு படம் எடுத்துப் போட்டுவிட்டு "இன்றைய பாடம்" என்று எழுதுகிறார்கள். எனக்கு ஜாலான் ஜாலான், அதாவது சும்மா ஊர் சுற்றுவது மாதிரிதான் தெரிகிறது. பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? பேராக் பக்கம் இருப்பவர்கள் யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா?

பிப்ரவரி 11, இரவு
பாதி ஜாலான் ஜாலான்தான், அதை மறைப்பானேன். வாரம் முழுக்க ஒரே மேசையில் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதுவும் வேண்டும். அம்மாவுக்கும் வேண்டும். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

நாங்கள் சுங்கை சிப்புட். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு எட்டு. கூட வருவது என் மாமியார், தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இல்லாமல் இப்போதெல்லாம் நான் கிளம்புவதே இல்லை, காரணம் கீழே வரும்.

வெளியூர் என்றால் கோலாலம்பூர் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் முதல் இடம் காராய் விக்டோரியா பாலம், வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். பேராக் ஆற்றின் மேல் 1897 கடைசியில் கட்டத் தொடங்கி 1900 மார்ச்சில் திறந்த ரயில் பாலம். செங்கல் தூண், மேலே இரும்புச் சட்டம், ஒற்றைத் தண்டவாளம். இப்போது ரயில் பக்கத்திலேயே இருக்கும் புதுப் பாலத்தில் போகிறது, பழையதில் நடக்கலாம், மோட்டார்சைக்கிளும் போகும். மகன் போனதும் கேட்டது, "ஏன் எல்லாம் முக்கோணமா இருக்கு?" நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஐஸ்கிரீம் குச்சியும் குண்டூசியும் கொடுத்து ஒரு சதுரம், ஒரு முக்கோணம் செய்யச் சொன்னேன். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்து விடுகிறது, முக்கோணம் அசையவில்லை. இதே பாடம் புத்தகத்தில் அரைப்பக்கம் இருக்கிறது, படித்துமிருக்கிறான், ஆனால் அன்றைக்குத்தான் உள்ளே போனது.

அங்கே நிற்கும்போது மின்சார ரயில் புதுப் பாலத்தில் விர்ரென்று போனது. பழையது எதற்காகக் கட்டினார்கள் என்று மகள் கேட்டாள். முக்கியமாக ஈயம் (வெள்ளீயம், டின்) ஏற்றிப் போக. சரி, ஈயம் எங்கே போனது? அடுத்த பயணத்துக்கு அதுவே கேள்வி.

பிப்ரவரி 12, காலை
சிலர் தனியாகக் கேட்டது: கழிப்பறை, சாப்பாடு, செலவு. பாலத்துக்குக் கட்டணம் இல்லை. கழிப்பறையைப் பக்கத்து ஊரான கோல கங்சார் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி நடக்க ஆரம்பிக்காதீர்கள், கிளம்பும் முன்பே எல்லாரையும் அனுப்புங்கள். பசியாற வீட்டிலிருந்து நாசி லெமாக் கட்டிக்கொண்டு போகிறோம். மதியம் ஆற்றோரக் கடையில் லக்சா. மாமியார் வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் லக்சாவை மறந்து விடுவோம்.

பிப்ரவரி 12, இரவு
இப்போது மரம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோல கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு பால்மரம் நிற்கிறது. 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. இதே ஊரில் இருப்பவர்கள்கூட காரை நிறுத்தாமல் போய் விடுகிறார்கள். பலகையைப் படித்து, படம் எடுத்து, கிளம்ப மூன்று நிமிடம் போதும். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம், மாமியார் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு தடவை அவரை இறக்கினேன்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது பெருத்துப் போச்சு, எங்க தோட்டத்துல இந்த வயசுக்கு விடமாட்டாங்க" என்றார். அதில் தொடங்கியது. தோட்டத்தில் இருபத்தைந்து முப்பது வருடத்தில் மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அதனால் நம் பிள்ளைகள் பார்த்த பால்மரமெல்லாம் ஒல்லி. இது எவ்வளவு பெரிதாகும் என்று தோட்டத்திலேயே பிறந்தவர்களுக்கே தெரியாது.

பிறகு உளி எப்படிப் பிடிப்பது என்று வெறும் கையால் காட்டினார். வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும். "ஏன் பாட்டி, வலதுலேர்ந்து இறங்கினா என்ன?" என்று மகள் கேட்டதற்கு, "பால் கம்மியா வரும், அவ்வளவுதான் தெரியும்" என்றார். வீட்டில் தேடிப் பார்த்தோம். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி மேலே ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழ் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். பாட்டியின் கைக்குத் தெரிந்ததும் ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவர்கள் சொன்னதும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் மகள் அன்றைக்குப் பூராவும் பாட்டி பின்னாலேயே சுற்றினாள்.

இன்னொன்று, விடிவதற்கு முன்னால் ஏன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போனார்கள்? இலை வழியாகத் தண்ணீர் ஆவியாவது இரவில் குறைவு. குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும். அறிவியல், புவியியல், வரலாறு என்று தனித்தனி நோட்டு போட்டு வைத்திருந்தேன், இதை எதில் எழுதுவது என்று மகள் கேட்டாள். பாட்டி நோட்டு என்று ஒன்று புதிதாகப் போட்டோம்.

பிப்ரவரி 14
மேலே ஒருவர், அந்த மரத்தை ரிட்லி நட்டார் என்று எழுதியிருக்கிறார். ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்ததே 1888-இல். மரம் அதற்கு முன்பே இங்கே இருந்தது. வரிசை இதுதான்: 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு போனார். முளைத்தது இரண்டாயிரத்துச் சொச்சம். பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து, அதில் ஒன்பது கோல கங்சாருக்கு. அப்போது இங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி) இருந்தவர் ஹியூ லோ. ரிட்லிக்கு உரிய பெயர் வேறு: மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை நிலைநாட்டியவர், ரப்பர் நடுங்கள் நடுங்கள் என்று தோட்டக்காரர்களைத் துரத்தியவர். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயரே இருந்ததாம்.

70,000-இல் எத்தனை சதவீதம் முளைத்தது என்று மகனுக்குக் கணக்குக் கொடுத்தேன், 2,800 என்று வைத்துக்கொண்டு. நாலு. "அவ்வளவுதானா" என்று வருத்தப்பட்டான்.

பிப்ரவரி 19
பயணத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம் என்று மற்ற இடங்களில் நான் சண்டை போட்டது இங்கே பலருக்கு நினைவிருக்கும். இப்போது கொஞ்சம் இறங்கி வருகிறேன். தாள் இல்லாமல் போனால் மகன் பூனை துரத்துகிறான். நிறைய தாள் கொடுத்தால் மகள் தாளை நிரப்பிவிட்டு இடத்தைப் பார்க்கவே மாட்டாள். ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி, அவர்களே முந்தின நாள் எழுதியது, அதுதான் எங்களுக்கு ஒத்து வருகிறது. கோல கங்சார் ஆற்றங்கரையில் மகன் கேள்வி "ஆறு எவ்வளவு வேகம்?" இரண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவே தூரத்தைக் காலடியால் அளந்து, மிதந்து போகும் ஆகாயத்தாமரைக் கொத்துக்கு நேரம் பார்த்தான். அக்கா கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள், அவன் கத்த வேண்டும். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் இடம் மாறிப் போய்விட்டார்.

உபுதியா பள்ளிவாசலும் அன்றே வெளியிலிருந்து பார்த்தோம். 1913-இல் தொடங்கியது, 1917-இல் முடிந்தது. நடுவில் அரச குடும்பத்து யானைகள் சண்டை போட்டு இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை உடைத்து விட்டன, திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. வேறு எது மறந்தாலும் என் மகன் இதை மறக்க மாட்டான். பாலத்தைத் திறந்த சுல்தான் இட்ரிஸ்தான் இதையும் கட்டத் தொடங்கினார், முடிவதற்குள் 1916-இல் காலமாகிவிட்டார் என்பதை மகள் தானாகவே கண்டுபிடித்தாள். தனித்தனியாகப் பார்த்த இடங்கள் ஒரே ஆள் வழியாக இணைகிறபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை நான் திட்டம் போட்டிருக்கவே முடியாது.

சாயோங் போய் லாபு பானையும் (சுரைக்காய் வடிவ மண்பானை) பார்த்தோம். சூளையிலிருந்து சூடாக எடுத்து உமிக்குள் புதைப்பதால் கறுப்பாகிறது. மாமியார் ஒன்று வாங்கிவிட்டார், பேரம் பேசி.

மார்ச் 3
கெல்லிஸ் காசல் போய் வந்தோம். பத்து காஜா பக்கம், எங்களுக்கு ஈப்போ தாண்டிப் போக வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த கதை: வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், இருபது வயதில் மலாயா வந்தார், ரப்பரில் பணம் பண்ணினார், 1915 வாக்கில் இந்த மாளிகையைத் தொடங்கினார், மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டார், 1926-இல் லிஸ்பனில் நிமோனியா வந்து இறந்தார், மனைவி விற்றுவிட்டுத் திரும்பினார், கட்டடம் பாதியில் நிற்கிறது. அங்கே வருகிற கூட்டம் பேய்க்காக வருகிறது. எனக்கு முன்னால் போன ஒரு குழுவில் வழிகாட்டி ஒருவர் அறைக்கு அறை பேய்க்கதை சொல்லிக்கொண்டே போனார், செங்கல்லை யார் அடுக்கினார்கள் என்று ஒரு வரி இல்லை.

மதராஸிலிருந்து வரவழைத்த எழுபது தொழிலாளர்கள். செங்கல்லும் ஓடும்கூட இந்தியாவிலிருந்து. ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி ஆட்கள் சாகத் தொடங்கியதும், மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள், துரை ஒத்துக்கொண்டார். அந்தக் கோயில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. காசலுக்குப் போகிறவர்கள் அதற்கும் கட்டாயம் போங்கள். மேலே சாமி சிலைகளோடு கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு துரை நிற்கிறார். "சாமி பக்கத்துல இவர் ஏன்?" என்று மகன் கேட்க, மாமியார் கொஞ்சமும் யோசிக்காமல் "சம்பளம் குடுத்திருப்பாரு" என்றார்.

கோவிட் நினைவு மகளுக்கு நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருந்தது, மூக்கில் குச்சி விட்டது எல்லாம். நூறு வருடத்துக்கு முன்னால் தடுப்பூசி இல்லாமல், கடல் தாண்டி வந்து, வேலை செய்கிற இடத்தில் ஒவ்வொருவராகப் படுத்தால் என்ன செய்வார்கள்? கோயில் கேட்டதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

மார்ச் 4
மகளுக்குப் பாலத்தில் வந்த ஈயக் கேள்வி: இதே பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் ஈயக் கப்பல் இருக்கிறது. 1938-இல் கட்டியது, 4,500 டன், 1982 வரை வேலை செய்தது. மிதந்துகொண்டே முன்னால் வாளிச் சங்கிலியால் மண்ணைத் தோண்டி, உள்ளே அலசி, ஈயமணலைப் பிரித்து, மீதியைப் பின்னால் கொட்டும். தன் குளத்தைத் தானே வெட்டிக்கொண்டு நகரும் இயந்திரம். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததோடு இந்தப் பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் காலம் முடிந்தது. இதையும் காசலையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று பட்டியல் போடுகிறார்கள். பார்க்கலாம், பிள்ளைகளுக்கு இரண்டும் கலங்கிப் போகும். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம், அதற்கு மேல் வேண்டாம்.

மார்ச் 17
நேற்று ஒருவர் எழுதியது கொஞ்சம் உறைத்தது. "எப்பப் பார்த்தாலும் தோட்டம், பால்மரம், கஷ்டம். பிள்ளைகளை பெட்ரோசைன்ஸ் கூட்டிப் போங்கள், எதிர்காலத்தைக் காட்டுங்கள்." உடனே பதில் எழுதாமல் ஒரு ராத்திரி விட்டேன்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் இருக்கும் அறிவியல் மையம்தான் பெட்ரோசைன்ஸ். போயிருக்கிறோம், நன்றாக இருந்தது, பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் ஐந்து பேருக்குப் பெட்ரோல், டோல், டிக்கெட், இரட்டைக் கோபுரத்துக் கீழே சாப்பாடு என்று கூட்டிப் பாருங்கள், இங்கே அதே காசில் எத்தனை சனிக்கிழமை போகும் என்று. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அங்கே பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பதில் ஏற்கெனவே பலகையில் இருக்கும். இங்கே பதில் மாமியாரிடம் இருக்கும், அல்லது அவரிடமும் இருக்காது, தேட வேண்டும்.

கஷ்டத்தைக் காட்டி அழ வைக்க நான் கூட்டிப் போவதில்லை. மாமியாரே அழுவதில்லை. அவர் சொல்வதெல்லாம் தொழில்: பாலில் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலேக் என்ற அளவுகோலை மிதக்க விட்டுப் பார்த்தது, தண்ணீர் கலந்து ஏமாற்றப் பார்த்தவர்கள் பிடிபட்டது, ஃபார்மிக் அமிலம் விரலில் பட்டால் எரிந்தது, பிப்ரவரி மார்ச்சில் இலை கொட்டினால் பால் குறைந்து கையில் காசும் குறைந்தது, மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) கிடக்கும் கட்டிப்பாலின் நாற்றம் பஸ்ஸில் ஏறினால் கூடவே வந்து பக்கத்தில் உட்காருபவர் எழுந்து போனது. ரப்பர்க் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி நாத்தனார் கையில் வைத்ததும் இதில் சேர்த்தி. மகன் அன்றே செய்து பார்த்தான், அக்கா மேல். உராய்வுப் பாடம் முடிந்தது.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லி விடுகிறேன், சுங்கை சிப்புட் என்றால் பலருக்குத் தேர்தல் மட்டும்தான் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16 காலையில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்தார்கள், 1960 ஜூலை வரை நீடித்தது. வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும் ஒரு தேதி நாம் காய்கறி வாங்கப் போகும் சாலையில் நடந்தது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். என் மாமியாரின் அப்பா கட்டியிருக்கிறார். மாதம் பத்து வெள்ளி அப்போது எத்தனை நாள் சம்பளம் என்று மகள் கேட்டாள். மாமியார் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு, "அப்பா அந்த மாசமெல்லாம் கருவாடுதான் வாங்குவாரு" என்றார். இதுதான் பொருளாதாரப் பாடம், இதற்கு மேல் நான் என்ன நடத்த?

அதனால் அந்த நண்பருக்கு: எதிர்காலத்தைக் காட்டுங்கள், தாராளமாக. நான் தடுக்கவில்லை. காட்டுவதற்கு ஆள் பிறகும் கிடைப்பார்கள். என் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு, படியேற மாட்டார். நான் அவசரப்படுவது இதில்.

மார்ச் 18
சட்டம் பற்றி மறுபடி மறுபடி கேட்கிறீர்கள், சுருக்கமாக. மலேசியாவில் 2003 முதல் தொடக்கப்பள்ளிக் கல்வி கட்டாயம். வீட்டில் சொல்லிக் கொடுக்க விரும்பினால் கல்வி அமைச்சிடம் எழுதி விலக்கு வாங்க வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லும் குழுக்களை நம்பாதீர்கள். எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) தனியார் தேர்வராக எழுதலாம், மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. ஆகவே மேலே சொன்ன பயணங்களெல்லாம் வீண் இல்லை என்று மாமனார்மார்களிடம் சொல்லலாம். எங்கள் வீட்டில் அந்த வாதம்தான் எடுபட்டது.

ஏப்ரல் 6
அடுத்தது தைப்பிங். 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழையது. ஆனால் பிள்ளைகள் வாக்களித்தது ரயிலுக்கு. நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, ஏறத்தாழ 13 கிலோமீட்டர், இதுவும் ஈயத்துக்காகத்தான். போர்ட் வெல்ட் இப்போது கோல செபத்தாங். தண்டவாளம் இல்லை, நிலையமும் இல்லை, பழைய பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. மகன் அதைத் தானே படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான், அக்கா முன்கூட்டி வாயைத் திறக்கக் கூடாது, ஒப்பந்தம் போட்டாயிற்று.

அங்கேயே கரி அடுப்புகளும் உண்டு. மாத்தாங் சதுப்புக் காட்டில் கரிக்காகப் பக்காவ் என்ற சதுப்புநில மரத்தை முப்பது வருடச் சுற்றில் வெட்டி நடுகிறார்கள், நூறு வருடத்துக்கு மேலாக. தோட்டத்தில் பால்மரத்தை மாற்றும் காலமும் ஏறக்குறைய அதே என்று மாமியாரே சொன்னார், நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

யாராவது போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கரிக்கொட்டகைக்குள் முட்டி வலிக்காரர் நடக்க முடியுமா, தரை சமமா, புகை அதிகமா? உட்கார இடம் இருந்தால் அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் சுற்றலாம் என்று பார்த்தேன், "நான் என்ன பையா, வெச்சிட்டுப் போறதுக்கு" என்று முறைக்கிறார். மழைக்கோட்டு எல்லாருக்கும் எடுத்து வைத்தாயிற்று, தைப்பிங் மழையை நம்ப முடியாது.